பல கோடுகளும் பெயர் சூட்டலும்

எண்களை வரிசையாக அடுக்கி வைத்தால் அவற்றைப் பொறுமையோடு படிப்பவர் சிலரே. அவ்வெண்களையே ஒரு கோடாக வரைந்து காட்டினால், ஏறியது எங்கே, இறங்கியது எங்கே, அசையாது நின்றது எங்கே என்பதை யாவரும் நொடியில் கண்டுகொள்வர். வரைபடத்தின் ஆற்றல் இதுவே. பொருளாதாரம் பயில்வோராயினும், தாவரவியல் பயில்வோராயினும், பொறியியற் பட்டறையில் உழைப்போராயினும், வரைபடம் ஒன்றேனும் வரையாமல் ஆய்வேட்டை முடிப்பவர் நம்முள் அரியர்.

ஒரு கோடு மட்டும் இருக்குமானால் தொல்லை இல்லை. படத்தின் தலைப்பே அதற்குப் பெயராகிவிடும். ஆனால் ஒப்பிடுவதற்காகவே நாம் படம் வரைகிறோம். ஒப்பிட வேண்டுமானால் கோடுகள் பல வேண்டும். கோடுகள் பலவானதும், ‘எது எதனுடையது?’ என்னும் கேள்வி எழுகிறது. கருத்தரங்குகளில் பேச்சு முடிந்ததும் முதலில் எழக் கேட்கும் வினா பெரும்பாலும் ஆய்வைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘அந்தப் பச்சைக் கோடு எதைக் குறிக்கிறது?’ என்பதாகவே இருக்கிறது. அவ்வினாவிற்கு இடமே இல்லாதபடி படம் வரைவது எப்படி என்பதை, நம்மில் பலர் பயன்படுத்தும் ஆர் என்னும் புள்ளியியல் கணிமொழியைக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன்.

முன்னோர் செய்த முறை

பொருளாதார எண்களைக் கோடுகளாக வரைந்து காட்டும் முறையை உலகிற்கு அளித்தவர் ஸ்காட்லாந்தில் 1759ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் பிளேஃபேர். அவர் 1786இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்து டென்மார்க்கோடும் நார்வேயோடும் நடத்திய வாணிகத்தைக் காட்டும் படம் ஒன்று உண்டு. அதில் கோடுகள் இரண்டு. ஒன்று இறக்குமதி, மற்றொன்று ஏற்றுமதி. முதலில் இறக்குமதி மேலே இருக்கிறது. பின்னர் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இடம் மாறுகின்றன.

அப்படத்தில் நாம் நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளேஃபேர் மூலையில் பெட்டி எதுவும் வரையவில்லை. இறக்குமதிக் கோடு என்று அக்கோட்டின் மேலேயே எழுதினார். ஏற்றுமதிக் கோடு என்று அக்கோட்டின் மேலேயே எழுதினார். இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில், வாணிகம் இங்கிலாந்துக்குப் பாதகமாக இருந்த பகுதி எது, சாதகமாக இருந்த பகுதி எது என்பதையும் அவ்வவ்விடத்திலேயே எழுதினார். கண் படத்தை விட்டு எங்கும் செல்ல வேண்டிய தேவை இல்லை.

கணிப்பொறி வந்த பின்னர் இம்முறை பின்தங்கியது. காரணம் எளியது. கோட்டின் மேல் எழுத வேண்டுமானால் எவ்விடத்தில் எழுதுவது என்று எவரேனும் எண்ணிப்பார்க்க வேண்டும். மூலையில் பெட்டி போடுவதற்கு எண்ணம் தேவையில்லை. எனவே மென்பொருள்கள் பெட்டியையே நமக்குப் பழக்கிவிட்டன. அப்பெட்டியைக் குறிவிளக்கம் என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

ஐந்து மரங்கள்

ஆர் மொழியை நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் ஆவர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976இல் தோன்றிய எஸ் என்னும் மொழியின் வழிவந்தது இது. இதன் முதல் முழுப் பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் வெளிவந்தது. இதற்கு விலை இல்லை என்பது மாணவராகிய நமக்கு ஒரு பேறு.

ஆர் மொழியோடு பயிற்சிக்காகச் சில தரவுகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் ஒன்று ‘ஆரஞ்ச்’ என்பது. ஐந்து ஆரஞ்சு மரங்களின் அடிமரச் சுற்றளவை ஏழு முறை அளந்து எழுதிய கணக்கு அது. நாட்கள் 1968 டிசம்பர் 31இலிருந்து எண்ணப்பட்டுள்ளன. முதல் அளவு 118ஆம் நாள். இறுதி அளவு 1582ஆம் நாள். சுற்றளவு மில்லிமீட்டரில் உள்ளது. ஐந்து மரம், ஏழு அளவு, ஆக 35 வரிசைகள். கணக்கு சிறியது, ஆனால் நம் பொருளுக்கு வேண்டிய சிக்கல்கள் அனைத்தும் அதில் உள.

118ஆம் நாளில் ஐந்து மரங்களின் சுற்றளவு முறையே 30, 33, 30, 32, 30. மூன்று மரங்கள் ஒரே புள்ளியில் நிற்கின்றன. 1582ஆம் நாளில் அவை முறையே 145, 203, 140, 214, 177. இடையில் சில கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. எடுத்துக்காட்டாக, இரண்டாம் மரம் முதலில் நான்காம் மரத்தை விடப் பருத்திருந்தது. 664ஆம் நாளில் நான்காம் மரம் 112, இரண்டாம் மரம் 111 என்றாகி, அதன்பின் நான்காம் மரமே முந்திச் சென்றது. ஐந்தாம் மரம் முதல் மரத்திற்குப் பின்தங்கியிருந்து, 1004ஆம் நாளுக்குள் அதைத் தாண்டிவிட்டது. எந்தக் கோடு எந்த மரம் என்று தெரிந்தால்தான் இக்கதை விளங்கும். தெரியாவிட்டால் ஐந்து கோடுகள் மேலே ஏறுகின்றன என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காது.

குறிவிளக்கத்தின் தொல்லைகள்

ஒரு நகரின் படத்தில் தெருக்களின் பெயர்களைத் தெருக்களின் மேல் எழுதாமல், எண்ணிட்டு, பெயர்களை ஓரத்தில் பட்டியலிட்டால் எப்படி இருக்கும்? வழி தேடுபவர் தெருவைப் பார்ப்பார், எண்ணை நினைவில் கொள்வார், பட்டியலுக்குச் செல்வார், பெயரைப் படிப்பார், மீண்டும் தெருவைத் தேடுவார். குறிவிளக்கம் உள்ள படத்தைப் படிப்பவர் நிலையும் இதுவே. கோடு ஐந்தானால் இப்பயணமும் ஐந்து முறை.

இரண்டாவது தொல்லை நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் ஆண்களிடையே அரியரல்லர். நம் வகுப்பிலேயே இருக்கக்கூடும்; தேர்வாளராகவும் வரக்கூடும். இன்னொன்று: நாம் கணிப்பொறித் திரையில் கண்டு மகிழும் வண்ணங்கள் செராக்ஸ் கடைக்குச் சென்றதும் சாம்பல் நிறமாகிவிடுகின்றன. நிறத்திற்கு மாற்றாகப் புள்ளிக்கோடு, துண்டுக்கோடு என ஆர் மொழி ஆறு வகைக் கோடுகளைத் தருகிறது. ஆயினும் நெருங்கி ஓடும் கோடுகளில் நீண்ட துண்டு எது, குறுந்துண்டு எது என்று பிரிப்பது கண்ணுக்குப் பெரும்பாடு.

மூன்றாவது தொல்லை வரிசை. நம் மரங்களின் கோடுகள் வலப்புறத்தில் மேலிருந்து கீழாக 4, 2, 5, 1, 3 என்று முடிகின்றன. ஜிஜிபிளாட்2 என்னும் புகழ்பெற்ற தொகுப்பைக் கொண்டு இத்தரவை வரைந்தால், தானாகத் தோன்றும் குறிவிளக்கத்தில் மேலிருந்து கீழாக 3, 1, 5, 2, 4 என்று இருக்கும். அதாவது படம் நேராகவும் குறிவிளக்கம் தலைகீழாகவும் நிற்கும்! அதனோடு, ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் வண்ணத் தொடரை அது தானே தேர்ந்துகொள்வதால், எல்லாவற்றிலும் பருத்த நான்காம் மரத்திற்கு வெளிறிய மஞ்சள் வாய்க்கிறது.

ஐந்தும் தவறாகும் விந்தை

குறிவிளக்கம் அவ்வாறு தலைகீழானது ஏன்? காரணத்தை அறிவது நலம். ஏனெனில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதே இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மரத்தின் எண் நமக்குப் பெயர். முதல் மரம், இரண்டாம் மரம் என்பன வெறும் அடையாளங்கள். இத்தகைய அடையாளங்களை ஆர் மொழி ‘ஃபேக்டர்’ என்னும் வகைமாறியாக வைத்துக்கொள்கிறது. வகைமாறிக்கு இரண்டு முகங்கள் உண்டு. வெளியே தெரிவது பெயர். உள்ளே இருப்பது வரிசை எண். ஆரஞ்ச் தரவைத் தொகுத்தவர்கள் மரங்களை அவை அடைந்த மிகுதியான சுற்றளவின்படி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கிறார்கள். எனவே மூன்றாம் மரத்தின் உள்ளெண் 1; முதல் மரத்தினது 2; ஐந்தாம் மரத்தினது 3; இரண்டாம் மரத்தினது 4; நான்காம் மரத்தினது 5.

இப்போது ஒருவர் படம் வரைகிறார் என்று கொள்வோம். ‘நிறத்தை மரம் என்னும் பத்தியிலிருந்து எடுத்துக்கொள்’ என்று கட்டளையிடுகிறார். ஆர் மொழியின் அடிப்படை வரைகருவி நிறத்திற்கு உள்ளெண்ணையே எடுத்துக்கொள்ளும். நிற எண் 1 கறுப்பு, 2 சிவப்பு. ஆகவே மூன்றாம் மரம் கறுப்பாகவும் முதல் மரம் சிவப்பாகவும் வரையப்படும். பின்னர் அவர் ‘லெஜண்ட்’ என்னும் ஆணையால் குறிவிளக்கம் போடுகிறார். நிறம் 1 முதல் 5, பெயர் 1 முதல் 5 என்று தம் கையாலேயே எழுதிவிடுகிறார். பார்ப்பதற்கு இதைவிட இயல்பானது உண்டோ? ஆனால் விளைவு என்ன? கறுப்பு முதல் மரம் என்கிறது குறிவிளக்கம். உண்மையில் அது மூன்றாம் மரம். சிவப்பு இரண்டாம் மரம் என்கிறது; உண்மையில் அது முதல் மரம். ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஐந்தில் ஒன்றுகூடச் சரியாக அமையவில்லை! கணிப்பொறி பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது. படம் அழகாகவே இருக்கும்.

ஆரஞ்சு மரமானால் பெரிய கேடு இல்லை. கோடுகள் ஐந்து உரங்களாகவோ ஐந்து மருந்துகளாகவோ இருந்தால்? மிகக் குறைந்த பயன் தந்தது எதுவோ அதன் புகழ் வேறொன்றிற்குப் போகும். மிகுந்த பயன் தந்தது பெயரின்றி மறையும். கோட்டைத் தவறாக வரைவது ஒரு பிழை. சரியாக வரைந்த கோட்டிற்குத் தவறான பெயர் சூட்டுவது அதைவிடப் பெரிய பிழை. முன்னதை வடிவத்தைக் கண்டு ஐயுறலாம். பின்னதை ஐயுறுவதற்குப் படத்தில் ஒரு தடயமும் இராது.

பல கோடுகளை ஒரே ஆணையில் வரையும் ‘மேட்பிளாட்’ என்பதிலும் இதே குழி உண்டு. அது புள்ளிகளை இடும்போது 1, 2, 3 என்று எண்களையே இடும். பெயர் தானாக வந்துவிட்டது என்று மகிழத் தோன்றும். ஆனால் அவ்வெண்கள் பத்திகளின் வரிசை எண்களே. மரங்களின் எண்கள் அல்ல. பத்திகள் 3, 1, 5, 2, 4 என்று அடுக்கப்பட்டிருந்தால் மீண்டும் ஐந்தும் தவறே.

கோட்டின் முனையில் எழுதுதல்

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆணைகளின் பெயர்களை இங்கே தமிழ் ஒலியில் தருகிறேன்.

முதலில் ‘பிளாட்’ ஆணையால் வெறும் சட்டத்தை மட்டும் வரைக. வகை ‘என்’ என்று குறித்தால் அச்சுகள் தோன்றும், புள்ளிகள் தோன்றா. இவ்விடத்தில் ஒரு முன்னெண்ணம் வேண்டும். நம் நாட்கணக்கு 1582இல் முடிகிறது. கிடையச்சையும் அங்கேயே முடித்தால், வலப்புறம் எழுதும் பெயர் சட்டத்திற்கு வெளியே விழுந்து வெட்டுப்படும். எனவே ‘எக்ஸ்லிம்’ என்பதைக் கொண்டு அச்சை 1800 வரை நீட்டுக. பெயர் எழுத இடம் கிடைத்துவிடும்.

அடுத்து ‘லைன்ஸ்’ ஆணையால் ஒவ்வொரு மரத்தின் கோட்டையும் வரைக. ஐந்து முறை எழுத வேண்டியதில்லை. ஒரு சுழற்சி போதும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு மரத்திற்கும் இறுதி நாளின் வரிசையை மட்டும் பிரித்தெடுக்க. ஐந்து வரிசைகள் கிடைக்கும். ‘டெக்ஸ்ட்’ ஆணைக்கு, கிடைத் தொலைவாக அவ்வரிசைகளின் நாளையும், உயரமாகச் சுற்றளவையும், எழுத வேண்டிய சொல்லாக மரம் என்னும் பத்தியையும் கொடுக்க. ‘பாஸ்’ என்பது பெயர் நிற்கும் திசை: 1 கீழே, 2 இடப்புறம், 3 மேலே, 4 வலப்புறம். நமக்கு வேண்டியது 4.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே மரப் பத்தியை நிறத்திற்குக் கொடுத்தபோது உள்ளெண்ணை எடுத்துக்கொண்ட ஆர் மொழி, ‘டெக்ஸ்ட்’ ஆணையில் எழுத வேண்டிய சொல்லாகக் கொடுக்கும்போது வெளிப்பெயரையே எடுத்து எழுதுகிறது. பெயரும் இடமும் ஒரே வரிசையிலிருந்து வருவதால், 214 என்னும் உயரத்தில் 4 என்பதைத் தவிர வேறெதுவும் எழுதப்பட இயலாது. முனையில் எழுதும் முறையை நான் போற்றுவதற்கு இதுவே தலையாய காரணம். அது கண்ணுக்கு எளிது என்பது மட்டுமன்று, உண்மைக்கும் காவல்.

முனையில்தான் எழுத வேண்டும் என்று விதி உண்டோ எனின், இல்லை. கோடுகள் எங்கே மிகுதியாகப் பிரிந்து நிற்கின்றனவோ அங்கே எழுதுக என்பதே விதி. நம் மரங்கள் தொடக்கத்தில் மூன்றுமாக ஒரே புள்ளியில் நிற்பதால் அங்கே எழுத வழியில்லை. முடிவில் பிரிந்து நிற்பதால் அங்கே எழுதுகிறோம். தொடக்கத்தில் விரிந்து முடிவில் குவியும் கோடுகளானால் இடப்புறமே ஏற்றது.

நெருக்கத்தைத் தீர்த்தல்

முடிவில் பிரிந்து நிற்கின்றன என்றேன். ஆனால் முதல் மரம் 145, மூன்றாம் மரம் 140. இடைவெளி ஐந்து மில்லிமீட்டரே. சட்டத்தின் உயரம் பத்துச் சென்டிமீட்டரானால், தாளில் இவ்விடைவெளி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கும். பன்னிரண்டு புள்ளி அளவுள்ள எழுத்து ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் உயரத்தைக் கேட்கும். எனவே ‘மரம் 1’, ‘மரம் 3’ என்பன ஒன்றன்மேல் ஒன்று உராயும். ‘டெக்ஸ்ட்’ ஆணை இதைக் கவனிக்காது. சொன்ன இடத்தில் எழுதிவிட்டுப் போய்விடும்.

இதற்கு எளிய மருந்து, பெயர்களின் உயரத்தை மட்டும் சற்றே நகர்த்துதல். முதல் மரத்தின் பெயரை 148இலும் மூன்றாம் மரத்தின் பெயரை 137இலும் எழுதினால் இடைவெளி 11 ஆகிறது. நான்காம் மரத்திற்கும் இரண்டாம் மரத்திற்கும் இடையே இயல்பாக உள்ள இடைவெளியும் 11தான். ஆகவே ஐந்து பெயர்களும் தெளிவாக நிற்கும். நகர்த்துவது பெயரை மட்டுமே. கோட்டை ஒருபோதும் நகர்த்தலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கோடுகள் மிகப் பலவாக இருந்து, கையால் நகர்த்துவது இயலாதபோது துணைத் தொகுப்புகள் உதவுகின்றன. ஜிஜிபிளாட்2இல் வரைவோர்க்கு ‘ஜிஜிரெபெல்’ என்னும் தொகுப்பு, முட்டிக்கொள்ளும் பெயர்களைத் தானே விலக்கி வைத்து, விலகிய பெயரைத் தன் புள்ளியோடு சிறு கோட்டால் இணைக்கும். ‘டைரக்ட்லேபிள்ஸ்’ என்பது பெயர் நிற்க ஏற்ற இடத்தைத் தானே தேடும். ‘ஜியோம்டெக்ஸ்ட்பாத்’ என்பது, பிளேஃபேர் செய்ததுபோல், வளையும் கோட்டின் மேலேயே எழுத்தையும் வளைத்து எழுதும்.

தமிழில் பெயர் எழுத விரும்புவோர்க்கு ஒரு சொல். ஆர் மொழியின் வழக்கமான பிடிஎஃப் கருவிக்குத் தமிழ் எழுத்து பெரும்பாலும் பிடிபடுவதில்லை. எழுத்திற்கு மாற்றாகப் புள்ளிகள் தோன்றும். ‘கெய்ரோ’ வழியாக பிடிஎஃப் உருவாக்கும் ஆணையைப் பயன்படுத்தி, தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட்டால் இத்தொல்லை நீங்கும். நம் இதழுக்கும் மன்ற மலருக்கும் படம் வரைவோர் இதை நினைவிற்கொள்க.

குறிவிளக்கம் அறவே வேண்டாவோ?

அவ்வாறு கூறுவது என் கருத்தன்று. ஆறு சிறு படங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் அதே மூன்று கோடுகளைக் காட்டும்போது, பெயரைப் பதினெட்டு முறை எழுதுவது வீண். அங்கே குறிவிளக்கம் ஒன்று போதும். கோடுகள் சிக்கலாகப் பின்னிக்கொண்டு எங்குமே பிரியாத இடத்திலும் அது தேவைப்படும். ஆயின் இரண்டு காவல்கள் வேண்டும். குறிவிளக்கத்தின் வரிசை, கோடுகள் முடியும் வரிசையை ஒத்திருக்க வேண்டும். அதிலுள்ள பெயர்களைக் கையால் எழுதாமல், வகைமாறியின் பெயர்ப்பட்டியலாகிய ‘லெவல்ஸ்’ என்பதிலிருந்தே எடுக்க வேண்டும். ஆரஞ்ச் படத்தில் கண்ட ஐந்து தவறுகளும் இந்த இரண்டாம் காவலால் தாமே நீங்கிவிடும்.

வரைந்து முடித்த பின்னர் ஒரு சோதனையும் செய்க. ஏதேனும் ஒரு கோட்டைத் தெரிந்துகொண்டு, அதன் இறுதி உயரத்தைப் படத்தில் படித்து, தரவில் அதே பெயருக்கு நேரே அவ்வெண் உள்ளதா என்று பார்க்க. நான்காம் மரம் 214 என்று தரவு சொல்லுமானால், உச்சியில் நிற்கும் கோட்டின் அருகே 4 இருக்க வேண்டும். இதற்கு அரை நிமிடம் ஆகும்.

அளவெடுக்க மாதக்கணக்கில் உழைக்கிறோம். நிரல் எழுத நாட்கணக்கில் உழைக்கிறோம். இறுதியில் காண்போர் காண்பது ஒரு படத்தையே. அதில் ஒவ்வொரு கோடும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நிற்குமானால், அடுத்த கருத்தரங்கில் எழும் முதல் வினா பச்சைக் கோட்டைப் பற்றியதாக இராது. நம் ஆய்வைப் பற்றியதாக இருக்கும். அவ்வினாவிற்கு விடை சொல்லவன்றோ நாம் படிக்கிறோம்!